ஆறாத வாய்ப்புண்ணா? உஷார்!

வீட்டில் யாருக்காவது வாய்ப்புண் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டதா? மணத்தக்காளிக் கீரை சமைத்துப் போட்டாயிற்று. பி காம்ப்ளெக்ஸ் ஒரு அட்டை தீர்ந்தாயிற்று. டூத்பேஸ்டையும் மாற்றியாயிற்று. இன்னும் ஆறவில்லையா?

உஷார்! அது வெறும் உடம்புச் சூடாக இல்லாமலும் இருக்கலாம்.

"வாய்ப்புண்ணுக்கெல்லாம் யாராவது டாக்டரிடம் போவார்களா?" என்றுதான் கேட்பீர்கள். அப்படிக் கேட்ட ஒருவருக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்.

நாற்பதைத் தாண்டிய பெண்மணி. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. முதலில் கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்தது. அது ஆறுவதற்குள் ஈறில் ஒன்று, அண்ணத்தில் ஒன்று. பல் தேய்த்தால் ரத்தம். சாம்பார் ருசி பார்க்க நாக்கில் ஒரு சொட்டு விட்டால் கண்ணில் தண்ணீர். மருந்துக் கடையில் தடவ ஒரு ஜெல் கொடுத்தார்கள். காலையில் இட்லி போய்த் தயிர்சாதம் வந்தது, தயிர்சாதம் போய்க் கஞ்சி வந்தது. ரவிக்கை தொளதொளத்துப் போன பிறகும் "வயிற்றில் புண் இருந்தால் வாயில் காட்டும்" என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போனார்.

இரண்டு மாதம் கழித்து நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளங்கள். நீர் கோத்த, தொட்டாலே உடைகிற கொப்புளங்கள். மாமியார் பார்த்ததும் "அம்மை போட்டிருக்கு" என்றார். வாசலில் வேப்பிலை செருகினார்கள். குளிக்கக் கூடாது, மருந்து கூடாது, யாரும் வரக் கூடாது. பத்து நாள் ஆகியும் இறங்கவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரம்மா, "இது அம்மை இல்லை, அக்கி" என்றார். காவி குழைத்து அக்கி எழுதினார்கள். உடைந்து, தோல் உரிந்து, சதை தெரிந்த இடத்தின் மேலேயே காவி பூசப்பட்டது.

கடைசியில் யாரோ ஒருவர் ஒரு ஊசி போட்டார். இரண்டே நாளில் கொப்புளம் அடங்கியது! வீடே நிம்மதியானது. அந்த ஊசியும் கூடக் கொடுத்த மாத்திரையும் ஸ்டீராய்டு என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரை தீர்ந்தது. ஒரு வாரத்தில் எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அரசு மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது குளிர் காய்ச்சல், முதுகில் படுக்கை விரிப்பு ஒட்டிக்கொண்டு வரவில்லை, ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது.

பிழைத்துக்கொண்டார். எல்லோரும் பிழைப்பதில்லை.

அம்மை என்றும் அக்கி என்றும் சொன்ன பெரியவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கொப்புளம் என்றால் நம் வீடுகளில் தெரிந்தது அவை இரண்டுதான். எனக்குக் கோபமெல்லாம் என்ன மருந்து என்று சொல்லாமல் ஊசி போட்டு அனுப்பியவர் மேல்தான்.

அந்த அம்மாவுக்கு வந்த நோயின் பெயர் பெம்ஃபிகஸ் வல்காரிஸ். நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம். அதுதான் ஆபத்தே.

உடம்பில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். புரிந்தால்தான் எங்கே பயப்பட வேண்டும் என்று தெரியும். நம் மேல்தோல் ஒரே படலம் இல்லை. செல்கள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கின்றன. ரவிக்கையின் டிச் பட்டன் இரண்டு பாதியும் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்கிற மாதிரி, பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒன்றை ஒன்று கவ்வியிருக்கின்றன. அந்தக் கவ்வும் இடத்துக்கு டெஸ்மோசோம் என்று பெயர். கவ்வும் வேலையைச் செய்வது புரதங்கள். அதில் முக்கியமானவை டெஸ்மோகிளீன் 1, டெஸ்மோகிளீன் 3. அவை சரியாகப் பிடிக்கக் கால்சியமும் வேண்டும். செல்லுக்கு உள்ளே அந்தப் பிடி கெரட்டின் இழைகளோடு கட்டப்பட்டிருக்கிறது. பாத்திரம் தேய்க்கிறோம், துணி பிழிகிறோம், குழந்தை கன்னத்தைக் கிள்ளுகிறோம், தோல் கையோடு வராமல் இருப்பது இந்தப் பிடியால்தான்.

பெம்ஃபிகஸ் வந்தவருக்கு உடம்பின் காவல் படையே இந்தப் புரதத்தை எதிரி என்று நினைத்துவிடுகிறது. கிருமிக்கு எதிராகச் சுரக்க வேண்டிய ஆன்டிபாடி, டெஸ்மோகிளீனுக்கு எதிராகச் சுரக்கிறது. பிடி விடுகிறது. செல்கள் பிரிகின்றன. பிரிந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. அதுதான் கொப்புளம்.

சூடு இல்லை. அழுக்கு இல்லை. சாமி குத்தம் இல்லவே இல்லை.

இந்த ஆன்டிபாடி இருப்பதை 1964-இல் அமெரிக்காவில் பியூட்னர், ஜோர்டன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் ஏன் தோல் பிரிகிறது என்றே மருத்துவர்களுக்கும் தெரியாது. ஸ்டீராய்டு மருந்துகள் வராத காலத்தில் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருடங்களுக்குள் இறந்துபோனார்கள்.

சரி, ஏன் வாயில் முதலில் வருகிறது? இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வாயின் உள்பக்கம் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் டெஸ்மோகிளீன் 3. அதற்கு எதிராக ஆன்டிபாடி வந்தால் கைகொடுக்க அங்கே போதுமான மாற்று இல்லை, புண்ணாகிவிடுகிறது. வெளித்தோலில் டெஸ்மோகிளீன் 1-உம் நிறைய இருக்கிறது. ஆகவே தோல் தாக்குப்பிடிக்கிறது. சில வாரமோ சில மாதமோ கழித்து டெஸ்மோகிளீன் 1-க்கு எதிராகவும் ஆன்டிபாடி சுரக்கத் தொடங்கினால், அன்றைக்குத்தான் நெஞ்சிலும் முதுகிலும் தலையிலும் கொப்புளம் வரும். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் அடையாளம் வாய்தான். அதாவது, உடம்பு உங்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்கிறது. நாம்தான் மணத்தக்காளி ஆய்ந்துகொண்டிருக்கிறோம். (மணத்தக்காளி மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. சாதாரண வாய்ப்புண் அதைச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும்.)

குழந்தை இருக்கிற வீடுகள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அதே டெஸ்மோகிளீன் 1-ஐ வெட்டிப்போடுகிற ஒரு கிருமியும் இருக்கிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். மூக்கோரம், தொப்புள், கண்ணோரம் எங்கேயோ சின்னதாகத் தொற்றிக்கொண்டு, அதன் விஷத்தை ரத்தத்தில் விடும். இந்தத் தொற்று பச்சைக் குழந்தைக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும்தான் பெரும்பாலும் வரும். முதலில் காய்ச்சல், சிணுங்கல், தூக்கினாலே அழுகை. பிறகு கழுத்து, அக்குள், தொடை இடுக்கு சிவக்கும். ஓரிரு நாளில் வெந்நீர் கொட்டிய மாதிரி தோல் உரியும். வாயின் உள்ளே மட்டும் புண் இருக்காது. ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும், அங்கே பிடித்திருப்பது டெஸ்மோகிளீன் 3. அதை இந்த விஷம் தொடுவதில்லை.

உரியும் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு இரவுகூடக் காத்திருக்காதீர்கள். சரியான ஆன்டிபயாடிக் உரிய நேரத்தில் ஏறினால் பிள்ளை தழும்புகூட இல்லாமல் தேறிவிடும். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தால் உடம்பில் நீர் வற்றும், வேறு கிருமி ஏறும்.

இனி பெரியவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் அறுபது, எழுபது வயதில் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற அப்பாவோ மாமனாரோ இருக்கிறார்களா? இந்தப் பகுதி அவர்களுக்கு.

செல்கள் பக்கத்துச் செல்லைப் பிடித்தால் மட்டும் போதாது. அடி வரிசையில் இருக்கிற செல்கள் கீழே இருக்கிற தளத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கே வேறு புரதங்கள் வேலை செய்கின்றன. செல்லின் உள்ளே கெரட்டினையும் வெளியே லாமினின் என்ற புரதத்தையும் ஒரே நேரத்தில் பற்றியிருக்கும் இன்டெக்ரின். அதோடு சேர்ந்து நிற்கும் கொலாஜன் 17. இந்தக் கொலாஜன் 17-க்கு எதிராக ஆன்டிபாடி வந்தால் மேல்தோல் முழுசாக அடித்தளத்தை விட்டுக் கழன்றுகொள்ளும். இது பெம்ஃபிகாய்டு. 1953-இல் வால்டர் லீவர் என்ற மருத்துவர் பிரித்துக் காட்டும் வரை இதையும் பெம்ஃபிகஸ் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதில் கொப்புளம் கெட்டியாக, விறைப்பாக இருக்கும், சட்டென்று உடையாது. வாய் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் கொப்புளத்துக்கு முன்னால் அரிப்பு வரும். சாதாரண அரிப்பு இல்லை. ராத்திரி தூங்க விடாத, சொறிந்து சொறிந்து ரத்தம் வருகிற அரிப்பு. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் அரிப்பு மட்டுமே இருக்கும். "வயசானா தோல் வறண்டுபோகும்" என்று எண்ணெய் தேய்த்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்ப்போம்.

இதோ நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம். சர்க்கரைக்குக் கொடுக்கிற 'கிளிப்டின்' வகை மாத்திரைகளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பது உலகம் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. அதில் வில்டாகிளிப்டினுக்குத் தொடர்பு மிக வலுவாகத் தெரிகிறது. 2019 கடைசியில் அதன் காப்புரிமை இந்தியாவில் முடிந்தது. விலை மடமடவென்று இறங்கியது. நல்லதுதான், ஏழைக்கும் கிடைக்கிறது. ஆனால் அதே காரணத்தால் இப்போது எத்தனை வீட்டு மருந்து டப்பாவில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மாத்திரை போடத் தொடங்கி வாரங்கள் கழித்தும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். அதனால்தான் யாரும் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை.

பதறி மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! அதைப் போடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. நீங்களாக நிறுத்தினால் சர்க்கரை ஏறிக் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அடங்காத அரிப்போ கொப்புளமோ இருந்தால் மட்டும் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், "இதனால் இருக்குமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாற்றிக் கொடுக்க வேறு மாத்திரைகள் இருக்கின்றன. பெம்ஃபிகஸ் பக்கத்திலும் இப்படிச் சில மருந்துகள் உண்டு. பெனிசிலமின், ரத்த அழுத்தத்துக்கான கேப்டோபிரில் ஆகியவை அந்தப் பட்டியலில் பழைய பெயர்கள்.

அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கல்யாணம் பேசுகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன லாமினின், இன்டெக்ரின், இன்னும் கீழே பிடித்திருக்கும் கொலாஜன் 7, இவற்றில் ஏதாவது ஒன்றைச் செய்கிற மரபணு பழுதாகி இருந்தால் குழந்தை பிறக்கும்போதே தோல் பிடிமானம் இல்லாமல் பிறக்கும். எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்பார்கள். துண்டால் ஒற்றினால் கொப்புளம், டயப்பர் உரசினால் கொப்புளம். இதன் கடுமையான வகைகள் பலவற்றில் அம்மா, அப்பா இருவரிடமும் அதே பழுது மறைந்திருந்தால்தான் குழந்தைக்கு வரும். ரத்த சொந்தத்தில் கட்டினால் அந்த வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் பிறந்த சில நாளில் "தோல் உரிந்து போய்ச் சேர்ந்த" குழந்தை என்று ஒரு பழைய பேச்சு இருந்தால் ஜாதகத்தை அப்புறம் பாருங்கள், முதலில் மரபணு ஆலோசனை.

அப்படிப் பிறந்த குழந்தைக்குப் பிளாஸ்திரி ஒட்டவே கூடாது. ஒட்டினால் எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா டேப்பைக் கையில் எடுத்தால் அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள். வழியே இல்லை என்றும் நினைக்காதீர்கள். 2015-இல் ஜெர்மனியின் போகும் நகரில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, லாமினின் மரபணுவைத் திருத்திய அவனுடைய சொந்தச் செல்களில் இருந்து தோல் வளர்த்து, உடம்பின் ஏறக்குறைய 80 சதவீதத்துக்குப் போர்த்தினார்கள். தோலை வளர்த்துக் கொடுத்தது இத்தாலியின் மொடெனா நகரத்து மிக்கேலே தெ லூக்காவின் குழு. சிறுவன் பள்ளிக்கூடம் போனான். 2023-இல் கொலாஜன் 7 பழுதானவர்களுக்குப் புண்ணின் மேல் தடவுகிற மரபணு மருந்து ஒன்றுக்கும் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும், அது வேறு சண்டை.

இப்போது அபாய அறிகுறிகள். ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவைத்தாலும் சரி.

மூன்று வாரம் தாண்டிய வாய்ப்புண். இதற்கு மேல் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. பெம்ஃபிகஸாக இல்லாவிட்டாலும், வெற்றிலை புகையிலை போடுகிறவராக இருந்தால் வாய்ப்புற்றாகவும் இருக்கலாம். இரண்டிலும் தாமதிக்கக் கூடாது.

ஓரம் ஒழுங்கில்லாமல், கிழிந்த மாதிரி, ஒன்றோடொன்று சேர்ந்து பரவுகிற புண். ஈறு தோல் தோலாக உரிவது.

விழுங்கும்போது வலி, குரல் கம்மிப்போவது. வாயில் இருந்தது தொண்டைக்கு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

தொளதொளவென்று, தொட்டால் உடைகிற கொப்புளம். உடைந்த இடம் ஆறாமல் பச்சையாகவே நிற்பது, ஓரத்தில் விரிந்துகொண்டே போவது. தலையில் ஆறாத பொருக்கு. பிறப்புறுப்பில் புண் என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், பெண்கள்தான் இதை அதிகம் மறைக்கிறார்கள்.

நல்ல தோலை லேசாக அழுத்தித் தேய்த்தாலே வழுக்கிக் கழல்வது. நிகோல்ஸ்கி என்ற ரஷ்ய மருத்துவர் 1890-களில் எழுதிவைத்த அடையாளம் இது. தயவுசெய்து வீட்டில் தேய்த்துப் பார்க்காதீர்கள்! அது டாக்டர் செய்ய வேண்டியது.

அம்மை என்று நினைத்தது இரண்டு வாரத்தில் இறங்காமல் புதிது புதிதாகக் கிளம்புவது. அக்கி என்று நினைத்தது உடம்பின் ஒரு பக்கத்தோடு நிற்காமல் இரண்டு பக்கமும் வருவது. அக்கி பொதுவாக ஒரு பக்கம்தான், ஒரு பட்டையாகத்தான் வரும்.

உரிந்த இடத்தில் சீழ் வாடை, குளிர் காய்ச்சல், மூத்திரம் குறைவது. இது ஆம்புலன்ஸ் விஷயம். தோல் இல்லாத இடத்தின் வழியாக நீரும் உப்பும் புரதமும் கசிந்து போகின்றன, கிருமி உள்ளே போகிறது. பெம்ஃபிகஸில் இன்றைக்கும் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் கிருமித் தொற்றுதான்.

யாரிடம் போவது? தோல் மருத்துவரிடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. கொப்புள ஓரத்தில் இருந்து ஒரு துணுக்கும், பக்கத்தில் நன்றாகத் தெரிகிற தோலில் இருந்து இன்னொரு துணுக்கும் எடுப்பார்கள். "நல்ல தோலை ஏன் வெட்டுகிறீர்கள்?" என்று சண்டை போடாதீர்கள். ஆன்டிபாடி ஒட்டியிருப்பது அந்தத் துணுக்கில்தான் தெளிவாகத் தெரியும். போகிற அன்றைக்குக் காவி, மஞ்சள், களிம்பு எதையும் பூசிக்கொண்டு போகாதீர்கள். புதுக் கொப்புளம் கிளம்பியதும் போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் பார்ப்பதற்குள் உடைந்துவிடும்.

பெம்ஃபிகஸுக்கு வைத்தியம் இருக்கிறது. நம் நாட்டிலேயே 1980-களில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா ஒரு முறையைக் கொண்டுவந்தார். மாதம் ஒருமுறை மூன்று நாள் தொடர்ந்து டெக்ஸாமெத்தசோன் 100 மில்லிகிராம் டிரிப்பில் ஏற்றுவார்கள், அதில் ஒரு நாள் சைக்ளோபாஸ்பமைடும் சேரும். 'பல்ஸ்' என்று வார்டில் சொல்வார்கள். எத்தனையோ ஏழை நோயாளிகள் அதில் எழுந்து நடந்தார்கள். சைக்ளோபாஸ்பமைடு குழந்தைப்பேற்றைப் பாதிக்கலாம். இனிமேல்தான் குழந்தை பெற வேண்டும் என்பவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஆன்டிபாடி சுரக்கும் செல்களின் மூலத்தையே குறிவைக்கிற ரிட்டுக்ஸிமாப் ஊசிக்கு 2018-இல் அமெரிக்கா இந்த நோய்க்காகவே அனுமதி தந்தது. இங்கேயும் போடுகிறார்கள். போடும் முன் காசநோய், மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அந்தப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள். அதிகம் உரிந்தவர்களை வாழையிலையில் படுக்கவைப்பதும் நம் வார்டுகளில் உண்டு. இலை புண்ணில் ஒட்டாது, அதற்காகத்தான். இலையே மருந்து என்று நினைத்து வீட்டிலேயே படுக்கவைத்துவிடாதீர்கள்.

பெம்ஃபிகஸ் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது. தனியறையில் போட்டு, தனித் தம்ளர் கொடுத்து, பிள்ளைகளைக் கிட்டே விடாமல் வைத்திருக்கிற வீடுகள் இருக்கின்றன. முதலில் சொன்ன அந்த அம்மாவுக்கும் அதுதான் நடந்தது. கர்ப்பிணிக்கு இருந்தால் மட்டும் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தைக்கும் கொப்புளம் வரலாம். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி தீர்ந்ததும், சில வாரங்களில் தானாக மறைந்துவிடும்.

கடைசியாக, ஸ்டீராய்டு. கொப்புளம் அடங்கியதும் "இனி எதுக்கு, உடம்பு ஊதுது" என்று மாத்திரையைச் சடாரென்று நிறுத்துகிறவர்கள் ஏராளம். பல வாரம் வெளியிலிருந்து கொடுத்தால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிச் சரியலாம், நோயும் இரட்டிப்பாகத் திரும்பலாம். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். சர்க்கரை, பிரஷர், எலும்பு மூன்றையும் இடையில் பார்த்துக்கொள்ளச் சொல்வார். ஊருக்குப் போனால் மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸின் டிக்கியில் போடுகிற பெட்டியில் வேண்டாம். வேறு எந்த டாக்டரிடம், எதற்காகப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக "நான் ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.